கொடி தைத்த கடையில் ஒரு பலகை

குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று சேலத்தின் பழைய பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ பலகையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சலூனில் கண்ணாடிக்கு மேலே தொங்கும். டீக்கடையில் கல்லாவுக்குப் பின்னால், ‘கடன் அன்பை முறிக்கும்’ என்பதற்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கு நேர் கீழே பெஞ்சில் நாலு பேர் தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு ஆட்சியைக் கலைத்துக்கொண்டிருப்பார்கள். டீ ஆற்றுகிற கடைக்காரரே நடுவில் ஒரு வார்த்தை சேர்த்துவிடுவார்.

பலகையை வைத்துக்கொண்டே பேசுகிறார்களே என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பலகைமேல் மரியாதை உண்டு. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அதே வாசகத்தை விதியாகப் போட்டு நடக்கும் கூத்தைப் பார்க்கப் பார்க்க அந்த மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

என் அப்பா தையல்காரர். அம்மாப்பேட்டையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டும் மேசை, ஒரு மர பெஞ்சு, அதுதான் கடை. அங்கேயும் அந்தப் பலகை இருந்தது. வேடிக்கை என்னவென்றால் தேர்தல் வந்துவிட்டால் அந்தக் கடையில் சட்டை, பேண்ட் எல்லாம் ஓரம் போய்விடும், கொடி வேலைதான் ஓடும். கறுப்பு சிவப்பு ஒரு கட்டு, நடுவில் வெள்ளை வைத்த கறுப்பு சிவப்பு ஒரு கட்டு, மூவர்ணம் ஒரு கட்டு, நீலமும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டு. ஓரம் அடித்து, கம்பு நுழைய மடிப்பு வைத்து, எண்ணிக் கட்டி வைப்பார். எந்தக் கட்சிக்கும் கூலி ஒன்றுதான். கரை வேட்டி கட்டிய ஆட்கள் கொடி வாங்க வருவார்கள். இடுப்பில் கட்சியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் அரசியல் பேசாதீர்கள் என்றால் அவர் என்னதான் செய்வார்?

பேசத்தான் செய்தார்கள். அப்பாவும் பேசவிட்டார். அவர் அந்தப் பலகையை யாருக்கும் வாசித்துக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. பேச்சு பேச்சாக இருக்கும்வரை மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் ஒரு அளவுக்கு மேல் போனால் மிஷின் நிற்கும். யாராவது யாருடைய தலைவரையாவது அவன் இவன் என்றாலும் நிற்கும். பெரிய கத்தரிக்கோலை எடுத்து அதன் பிடியால் பலகையை ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். “சரி விடுங்கண்ணா, மேட்டூர்ல எத்தனை அடி நிக்குதாம்?” என்று யாராவது பேச்சை மாற்றுவார்கள். காவிரித் தண்ணீரைவிடப் பெரிய அரசியல் இந்த மாவட்டத்தில் என்ன இருக்கிறது? ஆனால் அணை 120 அடியைத் தொடுமா தொடாதா என்ற பேச்சுக்கு அப்பா ஒருநாளும் பலகையைத் தட்டியதில்லை.

அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். கடையில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர் தைக்கக் கொடுத்த பேண்டை வாங்க வரமாட்டார். பேண்ட் கடையில் தூங்கும், பாக்கி அவரிடம் தூங்கும். அதனால் எழுதாத சில கட்டுப்பாடுகள் பலகைக்குக் கீழே தாமாக உருவாகி இருந்தன. ஓட்டு யாருக்குப் போட்டாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. செத்துப்போன தலைவரைத் திட்டுவதில்லை. பெஞ்சில் இல்லாத ஆளின் கட்சியை அவர் இல்லாதபோது இழுப்பதில்லை. இவற்றை மீறியவரை யாரும் விரட்டியதில்லை. அடுத்த முறை அவர் வரும்போது பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகும். அப்பா எந்தக் கட்சி என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்.

இந்த ஊரில் போய்ப் பேசாதே என்று சொல்லவும் முடியாது. நீதிக்கட்சி, திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்ட் 27-ல் நடந்த சேலம் மாநாட்டில். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1937-ல் மாகாணத்தின் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்து பார்த்தது சேலம் மாவட்டத்தில். 1950 பிப்ரவரி 11 அன்று கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக்கொல்லப்பட்டது சேலம் மத்திய சிறையில். ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸில் உட்கார்ந்து கலைஞர் வசனம் எழுதியிருக்கிறார். எல்லாக் கட்சிக்கும் இந்த ஊரில் ஒரு கதை இருக்கிறது. ஒவ்வொரு கதைக்கும் அதைக் கேட்டு வளர்ந்த ஒரு குடும்பம் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலமே தி.மு.க. பக்கம் போக, சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 மறுபக்கம் போயின. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்த மக்களவைத் தேர்தலிலும் மூன்று வருடம் பின்னால் நடந்த மக்களவைத் தேர்தலிலும் சேலம் தொகுதியில் தி.மு.க. ஜெயித்தது. அதே ஜனங்கள்தான், அதே பெஞ்சுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

எங்கள் தெருக் குழுவுக்கு வருகிறேன். தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எப்போது வரும், யார் வீட்டு நாய் காணாமல் போனது என்பதற்காக ஆரம்பித்த குழு. அட்மின் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் தானே மின்வாரியத்துக்கு நடக்கிற ஆள். குழு விளக்கத்தில் முதல் நாளே எழுதிவிட்டார்: அரசியல், சாதி, மதம் கூடாது.

இந்த மூன்றில் சாதி எப்படிக் ‘கூடாது’ ஆனது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சங்கக் கல்யாண மண்டபத் திறப்பு விழா அழைப்பிதழ், சமுதாயப் பெயர் தாங்கிய கல்வி உதவித்தொகை அறிவிப்பு எல்லாம் வரும், எல்லோரும் கைகூப்புவார்கள். சுடுகாட்டுப் பாதை ஏன் இரண்டாக இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டபோது மட்டும் விதி ஞாபகத்துக்கு வந்தது.

அரசியலும் அதே கதைதான். சேலம் மாவட்டத்துக்காரர் முதலமைச்சராக இருந்தபோது அவர் பாலம் திறக்கும் படங்கள் வந்தன. ஊருக்குப் பெருமைதானே என்றார்கள். ஆட்சி மாறியது, அமைச்சர்கள் விழாப் படங்கள் வந்தன. செய்திதானே என்றார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. வீட்டின் அளவைப் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து மேலே மேலே போகும் உயர்வு. ஒருவர் தன் வீட்டுப் பழைய ரசீதையும் புதிய கேட்புத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். கீழே ‘இதுக்குத்தான் ஓட்டு போட்டோமா’ என்று ஒரு வரி. அரைமணி நேரத்தில் அட்மினிடமிருந்து வந்தது: “சார், அரசியல் வேண்டாம்.” பாராட்டினால் செய்தி, குறை சொன்னால் அரசியல். எந்த ஆட்சியிலும் எங்கள் குழுவில் இந்த வழக்கம் மாறவில்லை. அட்மினுக்கு இதில் கட்சிச் சாய்வு எதுவும் இல்லை என்று நான் நம்புகிறேன். அவருக்குச் சத்தம் பிடிக்காது, அவ்வளவுதான். குறை சொல்கிறவர்தான் எப்போதும் சத்தம் போடுகிறவராகத் தெரிவார்.

என் சித்தப்பா விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு. 2018-ல் சேலம் சென்னை எட்டு வழிச் சாலைக்கு நில அளவை வந்தது. சுமார் 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய் திட்டம், மஞ்சவாடிக் கணவாய் வழியாகப் போகும் என்றார்கள். போலீஸ் துணையோடு வந்து கல் நட்டார்கள். எதிர்த்துப் பேசியதற்காக ஒரு நடிகரும் ஒரு சூழலியல் செயல்பாட்டாளரும் கைதானது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் ஒருவர், “ரோடு வந்தா மூணு மணி நேரத்துல மெட்ராஸ், நல்லதுதானே” என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா வாயைத் திறந்தார். உடனே இரண்டு பெரியவர்கள், “விசேஷ வீட்ல அரசியல் வேண்டாம்ப்பா” என்றார்கள்.

“அரசியல் எங்க மாமா பேசறேன்? என் தென்னமரத்தப் பத்தித்தான பேசறேன்.”

பிறகு 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழிவிட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குச் சித்தப்பா சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போனார். ரோடு நல்லது என்றவரிடம் யாரும் அரசியல் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

இன்னொன்றும் எனக்கு வெகுநாளாகத் தோன்றுவது. இந்தப் பலகைகள் தொங்கிய இடங்கள் எல்லாம் ஆண்கள் உட்கார்ந்த இடங்கள். ரேஷன் கடை வரிசையில் அந்தப் பலகையை யாராவது பார்த்ததுண்டா? மகளிர் குழுக் கூட்டத்தில்? தண்ணீர் லாரி வருகிற இடத்தில்? பெண்கள் அரசியல் பேசமாட்டார்கள் என்ற எண்ணம்தான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏற ஆரம்பித்த வாரம் எங்கள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்க வேண்டும். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள் கரண்ட், வீட்டில் கார் கூடாது என்று ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்து அலசினார்கள். வாடகை வீட்டில் ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால் அந்த யூனிட் யார் கணக்கு என்று ஒரு அக்கா கேட்டார். எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் இன்னொருவர் தனக்கு வந்து தன் ஓரகத்திக்கு வராததால் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை என்றார். பணத்தைக் கொடுத்தவர்களைப் புகழ்ந்தார்கள், அடுத்த மூச்சில் திட்டினார்கள். யாரும் யாரையும் கட்சிப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அரிசி வாங்கிக்கொண்டு போனார்கள். இதைக் கேட்டால் வீட்டு ஆண்கள் பொம்பளைங்க வெட்டிப் பேச்சு என்பார்கள். அதையே டீக்கடையில் பேசினால் அரசியல்.

குழுவில் நடந்ததில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது 2020 ஜனவரியில். 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர், சீதை உருவங்கள் செருப்பு மாலையோடு எடுத்துச் செல்லப்பட்டதாக ரஜினிகாந்த் சென்னையில் ஒரு விழாவில் பேசப்போக, ஊர்வலத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று தமிழ்நாடே இரண்டு பட்டது. எங்கள் குழுவில் பார்வர்டுகள் கொட்டின. பழைய பத்திரிகைத் துண்டு, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. போட்டவர்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்தே இருக்கவில்லை.

தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்தவர். 1971-ல் பதின்வயதுப் பையன். பேரனிடம் போனை வாங்கி ஒரு குரல் பதிவு போட்டார். ஊர்வலத்தைத் தன் அப்பாவோடு நின்று பார்த்ததையும், எங்கே நின்றார்கள் என்பதையும், கூட்டத்தில் யார் யார் என்ன கத்தினார்கள் என்பதையும் நிதானமாகச் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: “நாங்க நின்னது பின்னாடி. முன்னால போன வண்டிய நான் பாக்கல. பாக்காததப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன்.” அந்த மாதம் முழுக்க, தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசிய அத்தனை பேரில், பார்க்கவில்லை என்று சொன்ன ஒருவரை நான் அப்போதுதான் கேட்டேன்.

அட்மின் எல்லோரையும் அவரவர் போட்டதை நீக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் மற்றவர் பதிவை அட்மின் நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் கிடையாது. பெரியவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். பேரனைக் கூப்பிட்டு உடனே நீக்கிவிட்டார். பார்வர்டு போட்டவர்கள் ஒருவரும் நீக்கவில்லை. பிறகு அட்மின் குழுவைப் பூட்டினார், அட்மின் மட்டுமே பதிவிட முடியும்படி. பூட்டிய குழுவில் பார்வர்டுகள் அப்படியே இருந்தன, கண்ணால் பார்த்தவரின் குரல் மட்டும் இல்லை.

அட்மினுக்காகவும் பேச வேண்டும். குழுவில் யாராவது எதையாவது போட்டால் அட்மினைத்தான் உள்ளே தள்ளுவார்கள் என்ற பயம் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பார்வர்டாகவே வரும். வெறுமனே அட்மினாக இருந்தார் என்பதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது; அந்தச் செய்தியை மட்டும் யாரும் பார்வர்டு செய்வதில்லை. தெருவில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மூன்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன, கட்சியில் சேரக் கூடாது, பிரசாரம் கூடாது. அவர்கள் ஒதுங்கி இருப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் தேர்தல் சட்டமே எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரக் கூட்டம் கூடாது. வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் என்று அளந்து சொல்கிறது. அதற்கு வெளியே உன் பாடு. எங்கள் குழு விதிக்கு நேரமும் கிடையாது, தூரமும் கிடையாது. 2024-ல் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை 46 நாள் முடிவுக்காகக் காத்திருந்தோம். ஊரில் எந்தப் பெஞ்சிலும் வேறு பேச்சே இல்லை. எங்கள் குழுவில் மாம்பழ விலை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அட்மினிடம் நேரிலேயே போய்ப் பேசினேன். “சார், அரசியலை விடுங்க, பார்வர்டை நிறுத்துங்க. என்ன சொல்றதா இருந்தாலும் சொந்தமா எழுதணும், இல்ல சொந்தக் குரல்ல சொல்லணும். ஆளைத் திட்டினா நீங்க தட்டுங்க.” அப்பாவின் கடையையும் சொன்னேன். அவர் யோசித்தார். “பேச ஆரம்பிச்சா எங்க நிக்கும்மா?” என்றார். நியாயமான கேள்வி. எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் சுருங்குவதைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிற வசதி போனில் கிடையாது. பாதி குடித்த டீ கையில் இருப்பதால் மட்டுமே உட்கார்ந்திருந்து, அதற்குள் கோபம் ஆறிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். குழுவை விட்டுப் போக ஒரு விரல் போதும்.

கடைசியில் பாதி ஒத்துக்கொண்டார். அரசியல் கூடாது என்ற விதி இருக்கும், அதோடு பார்வர்டும் கூடாது. முதல் வாரம் குழு செத்தே போய்விட்டது. பாதிப்பேரின் இருப்பே குட்மார்னிங் பார்வர்டில்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகி வேறு குழு ஆரம்பித்தார்கள். அங்கே எல்லாம் ஓடுகிறதாம். சொத்து வரி ரசீது போட்டவர் இப்போது பாதாளச் சாக்கடை பற்றி நாலைந்து வரி எழுதுகிறார், எழுத்துப் பிழையோடு, நன்றாகவே எழுதுகிறார். பெரியவர் குரல் பதிவுகள் போடுகிறார். அளவுக்கு அதிகமாக நீளம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும். அட்மின் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். மாநகராட்சியின் 60 வார்டுகளில் எங்கள் வார்டு கவுன்சிலரைக் குழுவில் சேர்க்கலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. சேர்த்தால் குறையை நேரே சொல்லலாம் என்கிறார்கள் சிலர். அவர் கட்சிக்காரர், அவர் வந்தாலே அரசியல் வந்துவிடும் என்கிறார்கள் சிலர். வரட்டும், கேட்கிறதற்குப் பதில் சொல்லட்டும், தலைவர் பிறந்தநாள் போஸ்டர் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. அட்மின் குழுவிலேயே வாக்கெடுப்பு வைத்துவிட்டார். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் பெயரோடு தெரியும் என்று யாரோ ஒரு பையன் எழுதினான். அதற்குப் பிறகு ஒருவரும் ஓட்டுப் போடவில்லை.